அகலேசியா: சொல்லும் பொருளும்

வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை என்றால், திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஊரில் முதலில் ஷட்டரைத்தான் போய்ப் பார்ப்பார்கள். உணவுக்குழாயின் அடியிலும் அப்படி ஒரு ஷட்டர் உண்டு, வளையம் போன்ற தசை. விழுங்கியதும் அது தளர்ந்து உணவை இரைப்பைக்குள் விட வேண்டும். தளரவைக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோனால் மூடியபடியே நின்றுவிடும். சோறு குழாயிலேயே தேங்கும். இந்த நோய்தான் அகலேசியா. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது.

கிரேக்கத்தில் 'கலாசிஸ்' என்றால் தளர்தல். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைச் சொல்வது. 'அநீதி'யில் வருவது போல. 1674இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இந்த நோயாளி ஒருவருக்குத் திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்து, உணவைக் கீழே தள்ளவைத்தார். பிறகு தசை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்து 'கார்டியோஸ்பாசம்' என்றார்கள். பிடிப்பு அல்ல, தளராததுதான் கோளாறு என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரிந்தபோது பெயரும் மாறியது. தமிழில் 'உணவுக்குழாய் இறுக்கம்' என்று எழுதினால் அந்தப் பழைய பிழை திரும்பி வந்துவிடும். 'உணவுக்குழாய்த் தளர்வின்மை' என்பதே சரி.

என் அக்கா மகளுக்கு இது வந்தபோது, "சாப்பிட மாட்டேங்குறா டாக்டர்" என்றுதான் அக்கா சொன்னார். பதினெட்டு வயதுப் பெண், எடை இறங்குகிறது, சாப்பிட்ட கையோடு வாந்தி எடுக்கக் கொல்லைக்கு ஓடுகிறாள். ஒல்லியாக ஆசைப்பட்டுப் பட்டினி கிடக்கிற மனநோய் என்று முடிவாகி, ஒரு வருடம் அதற்கே மாத்திரை. அவளோ பசியில் அழுதாள். பழைய தமிழில் 'மாட்டேன்' என்பதற்கு 'என்னால் இயலாது' என்று பொருள். "நடக்கமாட்டாமல் கிடக்கிறார்" என்று இன்றும் சொல்கிறோமே, அந்த மாட்டாமைதான் அவளுக்கு இருந்தது. கேட்டவர்கள் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இந்த நோயில் தண்ணீர்கூட நெஞ்சில் நிற்கும். வெளியே வருவது உண்மையில் வாந்தியே அல்ல. இரைப்பையைத் தொடாத சோறு, பெரும்பாலும் புளிப்போ கசப்போ இல்லாமல் அப்படியே வரும். படுத்தால் எதுக்களித்து இருமல் வரும். தொடக்கத்தில் எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். குழாயின் அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரி பரிசோதனைதான் உறுதிப்படுத்தும்; அதைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பலூனால் விரிக்கலாம், அல்லது அந்தத் தசையைக் கீறிவிடலாம். அழிந்த நரம்பணு மீளாது, ஆனால் சோறு இறங்கும்.