குக்கீ திரும்பி வராதபோது: ஜாவா வெப் சர்வீஸில் செஷன்கள் பெருகும் விதம்

லோடு ஏறி அரை மணி நேரத்துக்குள் ஜாவா வெப் சர்வீஸின் ஹீப் (ஜாவா தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரி) நிரம்புகிறதா? மெமரியைக் கூட்டுவதற்கு முன் உயிரோடிருக்கும் செஷன்களை, அதாவது அழைப்பவரை அடுத்த முறை அடையாளம் காண சர்வர் வைத்திருக்கும் பதிவுகளை, எண்ணிப் பாருங்கள். ஜாவா சர்வரான டாம்கேட்டில் ஜேஎம்எக்ஸ் (ஓடும் ஜாவா புரோகிராமைக் கண்காணிக்கும் வசதி) வழியே, செஷன்களை நிர்வகிக்கும் மேனேஜரின் ஆக்டிவ்செஷன்ஸ் மதிப்பைப் பார்த்தால் போதும்.

கோடில் எங்காவது கெட்செஷன்() என்று வெறுமனே அழைத்தால், செஷன் இல்லாத ரிக்வெஸ்டுக்குப் புதிதாக ஒன்று உருவாகிவிடும். அதன் ஐடி ஜேசெஷன்ஐடி என்ற குக்கீயாகப் போகிறது. பிரௌசர் அடுத்த முறை அதைத் திருப்பிக் கொடுக்கும். சர்வீஸை அழைக்கும் புரோகிராம்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. வெப் சர்வீஸ்களுக்கான ஜாவா ஏபிஐயான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் கிளையன்டில் செஷனைத் தொடரும் வசதியை நாமாக இயக்கினால்தான் உண்டு. ஆகவே அழைப்புக்கு ஒரு செஷன் பிறக்கிறது, அதை மறுபடி யாரும் தொடுவதில்லை.

டாம்கேட்டில் டைம்அவுட் (யாரும் தொடாத செஷன் காலாவதியாக ஆகும் நேரம்) வழக்கமாக 30 நிமிடம். விநாடிக்கு 200 அழைப்பு வந்தால் 1,800 விநாடியில் 3,60,000 செஷன்கள் சேரும். ஒன்றுக்கு 5 கேபி என்று வைத்தாலும் 1.8 ஜிபி. மேனேஜரின் பட்டியல் அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதால் கார்பேஜ் கலெக்டர் (தேவையற்ற மெமரியை விடுவிக்கும் பகுதி) எத்தனை முறை ஓடினாலும் இடம் விடுபடாது. பத்து நிமிட லோடு டெஸ்டில் இது பிடிபடுவது கடினம். லோடு டெஸ்ட் கருவியான ஜேமீட்டரில் குக்கீ மேனேஜரைச் சேர்த்திருந்தால் இன்னும் மோசம்: அது குக்கீயை ஒழுங்காகத் திருப்பி அனுப்பி, உண்மையான கிளையன்டுகள் செய்யாததைச் செய்து பிரச்சினையை மறைத்துவிடும்.

உருவாக்குவது யார் என்று கண்டுபிடிக்க, டெஸ்ட் சர்வரில் செஷன் உருவாவதைக் கவனிக்கும் ஒரு ஹெச்டிடிபிசெஷன்லிசனர் எழுதி, செஷன்கிரியேட்டட் மெத்தடில் ஸ்டாக் டிரேஸை (எந்தக் கோடு எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) அச்சிடுங்கள். பெரும்பாலும் சிக்குவது லாகின் ஃபில்டர், அல்லது ஒரு ஜேஎஸ்பி (ஜாவாவில் ஹெச்டிஎம்எல் உருவாக்கும் டெம்ப்ளேட்) பக்கம். பேஜ் டைரக்டிவில் செஷனை ஃபால்ஸ் என்று குறிக்காத எந்த ஜேஎஸ்பியும் தானாகவே செஷன் திறக்கும். சிக்கிய இடத்தில் புதிதாக எதையும் உருவாக்காத கெட்செஷன்(ஃபால்ஸ்) என்று மாற்றி, செஷன் இல்லாமல் நல் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். லாகினைக் கவனிக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டியில் ஸ்டேட்லெஸ் (செஷன் வேண்டாம் என்ற) பாலிசி வைத்தால் அந்த ஃபிரேம்வொர்க் மட்டும்தான் செஷன் திறக்காது. உங்கள் கோடில் உள்ள கெட்செஷன்() வழக்கம்போலத் திறந்துகொண்டேதான் இருக்கும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

ஒரே அழைப்புக்குள் மட்டும் செஷன் தேவையென்றால் ஃபைனலி பிளாக்கில் அதை இன்வாலிடேட் செய்து (உடனே முடித்து) விடலாம். டைம்அவுட்டைக் குறைப்பதும் உதவும், ஆனால் அலகைக் கவனியுங்கள்: வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் நிமிடம், செட்மேக்ஸ்இன்ஆக்டிவ்இன்டர்வல் மெத்தடில் விநாடி. எதில் 0 போட்டாலும் செஷன் காலாவதியே ஆகாது.

எத்தனை செஷன் இருக்கலாம் என்று சொல்லும் டாம்கேட்டின் மேக்ஸ்ஆக்டிவ்செஷன்ஸ் முன்னிருப்பாக -1, அதாவது வரம்பில்லை. அதற்கு ஓர் எண் கொடுத்தால் ஹீப் தப்பிக்கும். ஆனால் வரம்பு நிரம்பியபின் கெட்செஷன்() இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் எறியும், உண்மையில் செஷன் தேவைப்படுபவரும் சேர்ந்தே வெளியே நிற்பார். கசிவை அடைத்தபிறகு கடைசிக் காப்பாக மட்டும் இதை வையுங்கள். அடைபட்டதா என்று பார்க்க, குக்கீ மேனேஜர் இல்லாமல், டைம்அவுட்டைவிட நீண்ட நேரம் டெஸ்டை ஓட்ட வேண்டும்.