கறுப்புக் கண்ணாடியும் இரண்டாம் துளையும்

மேடையேற மூன்று வாரம் இருந்தபோது என் மாணவர் ஒருவர் கையில் ஒரு பையுடன் வகுப்புக்கு வந்தார். உள்ளே தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மெல்லிய டை. "இதையெல்லாம் போட்டுக்கொண்டால் ப்ளூஸ் கலைஞர் மாதிரி இருக்கும், இல்லையா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார்: "எனக்குப் பெரிய கஷ்டம் எதுவும் வந்ததில்லை. நான் ப்ளூஸ் வாசித்தால் பொய்யாகிவிடாதா?"

இருபது ஆண்டுகளாக மவுத் ஆர்கன், அதாவது ஹார்மோனிகா, கற்றுக்கொடுக்கிறேன். அமெரிக்கக் கறுப்பினத்தாரிடம் பிறந்த ப்ளூஸ் இசையை மேடையில் வாசிக்க நினைப்பவர்களிடமிருந்து இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தேதான் வருகின்றன. நன்றாக வாசிக்கக்கூடிய சிலர் இரண்டாவது கேள்விக்குப் பயந்தே மேடைப் பக்கம் போகாமல் நின்றுவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

'அசல்' என்ற சொல்லை முதலில் சந்தேகப்பட வேண்டும். 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னெகி ஹால் இசையரங்கில் கறுப்பினத்தாரின் இசைக்கென்று ஒரு பெரிய கச்சேரி நடந்தது. பிக் பில் ப்ரூன்ஸி அதில் பாடினார். சிகாகோவில் ஆண்டுக்கணக்காக இசைத்தட்டுகள் வெளியிட்டு வந்த, நகரவாசியான தொழில்முறைக் கலைஞர் அவர். ஆனால் அர்கான்ஸாஸ் மாநிலத்திலிருந்து வந்த உழவர் என்றுதான் அவரை அறிமுகப்படுத்தினார்கள். கேட்க வந்தவர்களுக்கு அசல் கிராமத்தான் ஒருவன் தேவைப்பட்டான். அந்த வேடத்தை அவர்மேல் போர்த்தினார்கள். ஆக, 'எளிமை', 'வலி', 'மண்வாசனை' என்று நாம் தேடும் சில அடையாளங்களே பார்வையாளர்கள் தைத்துக்கொடுத்த சட்டைதான்.

அதே மேடையில் ஹார்மோனிகா வாசித்தவர் சன்னி டெரி. பார்வையிழந்தவர். ஸ்வரங்களுக்கு நடுவே உச்சக் குரலில் கூவுவார். அந்தக் கூவலை மட்டும் தனியே எடுத்து வாசிப்பின்மேல் ஒட்டவைக்கிறார்கள் பலர். நிதானமாகக் கேளுங்கள்: அவருடைய குரலும் வாத்தியமும் ஒரே மூச்சைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. தாளம் எங்கும் அறுவதில்லை. கூவலை எடுத்துவிட்டால் அந்த வாசிப்பே நிற்காது.

இன்னொரு பக்கம், மேடை வித்தையே பொய் என்று நினைப்பவர்களுக்கு ரைஸ் மில்லரைக் காட்டுவேன். 'சன்னி பாய் வில்லியம்சன்' என்ற பெயரில் புகழ்பெற்றார். அந்தப் பெயரோ ஏற்கெனவே சிகாகோவில் பேர்பெற்றிருந்த வேறொரு ஹார்மோனிகா கலைஞருடையது. 1941 முதல் அர்கான்ஸாஸின் ஹெலினா ஊர் வானொலியில் மதிய வேளையில் வாசித்தார். அந்த நிகழ்ச்சி நடந்ததே ஒரு மாவு கம்பெனியின் விளம்பரத்துக்காக. 1963 இல் ஐரோப்பாவுக்குப் போனவர் இரு வண்ண சூட்டும் வட்டத் தொப்பியும் அணியத் தொடங்கினார். ஹார்மோனிகாவை நீளவாக்கில் வாய்க்குள் சொருகி, கைகளை விட்டுவிட்டு வாசிப்பார். இத்தனை ஜாலத்துக்கு நடுவிலும் அவர் உறிஞ்சும் ஒரு ஸ்வரத்தில் பொய்யைக் கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை. பெயரில் இருந்தது, உடையில் இருந்தது, மூச்சில் இல்லை.

மூச்சு என்று சொல்வதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதைக் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை. ஹார்மோனிகாவின் துளையில் ஊதினாலும் ஸ்வரம் வரும், காற்றை உள்ளே உறிஞ்சினாலும் வரும். ப்ளூஸுக்கு 'சி' சுருதி ஹார்மோனிகாவை எடுத்தால் பெரும்பாலும் 'ஜி' சுருதியில் வாசிப்போம். அப்போது ஆதார ஸ்வரம் இரண்டாம் துளையை உறிஞ்சினால் கிடைக்கிறது. முக்கியமான ஸ்வரங்களில் பலவும் உறிஞ்சுபவைதான். வாசிக்க வாசிக்க நுரையீரல் நிரம்பிக்கொண்டே போகும். இடைவெளி கிடைத்த இடத்தில் மூக்கு வழியாக வெளியேற்றத் தெரிய வேண்டும். மேடைப் பதற்றம் தாக்குவதும் இங்கேதான். தோள் ஏறுகிறது, நாக்கு விறைக்கிறது, பயத்தில் பலமாக உறிஞ்சுகிறோம். இரண்டாம் துளை திணறிக் கம்முகிறது. மூன்றாம் துளையில் ஸ்வரத்தை மூன்று அரைச்சுருதி வரை கீழே வளைத்து இறக்கலாம். நாக்கு இறுகியவரிடம் அது பாதி வழியில் நின்றுவிடும். முன்வரிசையில் இருப்பவருக்கு இலக்கணம் தெரியாமல் இருக்கலாம், ஆனால் "இவர் பயப்படுகிறார்" என்பது தெரிந்துவிடும். அதைக் கறுப்புக் கண்ணாடி மறைக்காது.

கைகளும் அப்படித்தான். ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்டர் 1952 இல் பதிவுசெய்த, பாட்டில்லாத ஒரு வாத்திய இசை அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) இசைத்தட்டுப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. மைக்கையும் ஹார்மோனிகாவையும் சேர்த்து இரு உள்ளங்கைகளுக்குள் பொத்திக்கொண்டு வாசித்தவர் அவர். அவரைப்போலக் குனிந்து நிற்க ஆசைப்படுபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கைக்குள் காற்று கசிகிறதா? விரலிடை அளவு திறந்தாலும் அந்தத் தடித்த ஒலி மெலிந்துவிடும். மைக்கை ஆம்ப்ளிஃபையர் பக்கம் திருப்பினால் ஊளையிடும். முழங்கை எங்கே இருக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் இவைதான் தீர்மானிக்கின்றன. அந்த நிலையைப் புகைப்படத்தில் பார்த்துக் கற்றவர் சிலைபோல் நிற்பார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடிமை முறைக்குப் பின்னும் தொடர்ந்த ஒடுக்குமுறைக்குள்ளிருந்து பிறந்த இசை இது. அந்த வரலாறு நம்முடையது அல்ல. பாடும்போது தென்மாநிலக் கறுப்பினத்தாரின் உச்சரிப்பைப் போலிசெய்வதை என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. பாட்டுக்கு முன்னால் இல்லாத துயரத்தை இருப்பதாகச் சொல்வதையும்தான். ஆனால் ப்ளூஸ் அழுகை மட்டும் அல்ல. சனிக்கிழமை இரவில் உழைத்துக் களைத்த மக்களை ஆடவைத்த இசை, வாசித்தவர்களுக்குப் பிழைப்பு. பின்னாளில் ஹார்மோனிகா கலைஞராகப் பேர்பெற்ற சார்லி மஸல்வைட் என்ற வெள்ளை இளைஞர் வேலை தேடிச் சிகாகோ போனார், பூச்சிமருந்து அடிக்கும் நிறுவனத்தின் வண்டியை ஓட்டினார், இரவில் கறுப்பினத்தார் பகுதிகளின் கிளப்புகளில் போய் உட்கார்ந்து கேட்டார். மேடை பிறகுதான் கிடைத்தது. நமக்கும் அதுதான் வழி: நிறையக் கேட்பது, யாரிடமிருந்து எடுத்தோம் என்பதை மேடையிலேயே பெயர் சொல்லிச் சொல்வது.

அந்த மாணவரிடம் தொப்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒத்திகையைக் கைபேசியில் படம்பிடித்து, முதலில் படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்கச் சொன்னேன். பிறகு ஒலியை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும். இரண்டாம் முறை பார்த்தபோது அவரே கண்டுபிடித்தார்: ஒவ்வொரு முறை வளைக்கும்போதும் வலது தோள் காதுவரை ஏறியது, அடுத்த ஹார்மோனிகாவைத் தேடிப் பெட்டிக்குள் குனிந்தபோது தாளத்தில் நான்கு மாத்திரை தவறிப்போனது. அன்று முதல் ஹார்மோனிகாக்களைச் சுருதி வரிசையில் அடுக்கத் தொடங்கினார். மூன்று வாரமும் தோளைத்தான் கவனித்தோம்.

கச்சேரியன்று வழக்கமான கட்டம்போட்ட சட்டையில் வந்திருந்தார். 'பார்' என்பது தாளத்தின் ஓர் அலகு; ப்ளூஸில் பன்னிரண்டு பார் சேர்ந்தால் ஒரு சுற்று. முதல் பன்னிரண்டு பாரில் கொஞ்சம் அவசரம் இருந்தது. மூன்றாவது சுற்றில், எங்களிடம் சொல்லாமலே, இரண்டு பாரை வெறுமையாக விட்டார். டிரம்ஸ் வாசித்தவர் நிமிர்ந்து பார்த்தார். இவர் மூக்கு வழியாக மூச்சை விட்டு, தோளை இறக்கி, இரண்டாம் துளையை மெதுவாக உறிஞ்சினார். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.