வாரியமா, குழுவா, சபையா? ‘போர்டு’ என்ற சொல்லின் சட்டப்பொருள்

அரசு வாரியம் ஒன்றுக்குக் கட்டடம் கட்டித்தர ஒரு தனியார் கம்பெனி போட்ட ஒப்பந்தம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: ‘போர்டு ஒப்புதல் அளித்த முப்பது நாளுக்குள் பணம் வழங்கப்படும்.’ எந்த போர்டு? பணம் தரும் அரசு வாரியமும் ஆங்கிலத்தில் போர்டு. பணத்தை வாங்கும் கம்பெனியின் இயக்குநர்கள் கூடும் அவையும் போர்டு. எனக்கு முன்னால் அதைத் தமிழாக்கியவர் இரண்டையும் ‘வாரியம்’ என்றே எழுதிவிட்டிருந்தார். படித்தால், பணம் தர வேண்டியவரும் பெற வேண்டியவரும் ஒரே ஆள்போலத் தோன்றியது.

ஆங்கிலத்தில் போர்டு என்றால் முதலில் பலகை. பலகையால் செய்த மேசைக்கு அதுவே பெயராயிற்று. பிறகு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். விடுதியில் சாப்பாட்டுக்கு ‘போர்டிங்’ என்கிறோமே, அதுவும் இந்த மேசையிலிருந்து வந்ததுதான். உட்காரும் இடத்தின் பெயர் உட்காருகிறவர்களுக்கு ஆவது நமக்கும் புதிதல்ல. மன்றம் என்பது ஊர்ப்பொதுவிடம். இன்று சட்டமன்றம், நீதிமன்றம், ஊராட்சி மன்றம்.

சட்டத்தில் இந்த ஒரு சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. முதலாவது, ஒரு சட்டமே உண்டாக்கிய அமைப்பு. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அதற்குத் தனி ஆளுமை உண்டு, அதாவது சட்டம் அதை ஓர் ஆளாகவே எண்ணும். தன் பெயரில் நிலம் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம். அதன்மேலும் வழக்குப் போடலாம். தலைவரும் உறுப்பினர்களும் மாறினாலும் வாரியம் தொடர்ந்து இருக்கும். தேயிலை வாரியம் (1953ஆம் ஆண்டுச் சட்டம்), நறுமணப் பொருள்கள் வாரியம் (1986ஆம் ஆண்டுச் சட்டம்) எல்லாம் இந்த வகையில் சேரும்.

இரண்டாவது, கம்பெனிக்குள் இருக்கும் போர்டு. கம்பெனிகள் சட்டம், 2013, அதற்குத் தரும் விளக்கம் ஒரு வரிதான்: கம்பெனியின் இயக்குநர்கள் அனைவரும் சேர்ந்த கூட்டு. சட்டத்தின் பார்வையில் ஆள் என்பது கம்பெனி. அதன் போர்டு தனி ஆள் அல்ல, கம்பெனிக்காக முடிவெடுக்கும் மூளை. அந்த போர்டின் பெயரில் நிலப்பத்திரம் எழுத முடியாது. கம்பெனியின் பெயரில்தான் எழுத வேண்டும். பொதுக் கம்பெனிக்குக் குறைந்தது 3 இயக்குநர்கள், தனியார் கம்பெனிக்கு 2. பொதுவாக 15 பேருக்கு மேல் போகவேண்டுமானால் பங்குதாரர்கள் சிறப்புத் தீர்மானம் போட வேண்டும். ‘கூட்டு’ என்பதுதான் இங்கே உயிர்ச்சொல். அதிகாரம் எந்தத் தனி இயக்குநரின் சட்டைப் பையிலும் இல்லை. பொதுவாக, கூட்டத்துக்கு அறிவிப்புப் போய், மூன்றில் ஒரு பங்கினரோ இருவரோ, இவற்றுள் எது கூடுதலோ அத்தனை பேர் வந்து, தீர்மானம் நிறைவேறினால்தான் அது போர்டின் முடிவு. பங்குதாரர் தன் கூட்டத்துக்குப் பதிலாளை அனுப்பலாம், இயக்குநர் அனுப்பக்கூடாது. அவரிடம் எதிர்பார்ப்பது அவருடைய சொந்த யோசனையை.

ஆக, ஒன்று தானே ஓர் ஆள்; மற்றொன்று ஓர் ஆளின் மூளை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒப்பந்தம் குழம்பாமல் என்ன செய்யும்?

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் புழங்குகின்றன என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. சென்னையில் வாரியம்: வீட்டு வசதி வாரியம், குடிநீர் வடிகால் வாரியம். கொழும்பில் அதுவே சபை: இலங்கை மின்சார சபை. இயக்குநரை அங்கே பணிப்பாளர் என்பார்கள். ஆகவே இயக்குநர் குழு, பணிப்பாளர் சபை. சிங்கப்பூரில் கழகம்: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேம நிதிக் கழகம். சென்னைக்காரருக்குக் கழகம் என்றால் ‘கார்ப்பரேஷன்’. அரசுப் போக்குவரத்துக் கழகம், நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று. அந்தக் கார்ப்பரேஷனை இலங்கையில் கூட்டுத்தாபனம் என்பார்கள். ஒரே மொழிதான், ஆனால் ஊர் மாறினால் சட்டச்சொல்லும் மாறிவிடுகிறது. எந்த நாட்டின் ஆவணமோ அந்த நாட்டின் சொல்லை வைப்பதே முறை. இதில் யாருடைய தமிழும் தாழ்ந்ததல்ல.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வாரியம். காரணம் உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும், அந்த ஊர்ச் சபை எடுத்த முடிவுகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டு போன்ற பகுதிகளாக, இருந்தது. குடவோலையில் பெயரெடுத்து, சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். அண்மை மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்திருக்கக் கூடாது. அது பிராமணர்களின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே இடம். ஊரார் எல்லாரும் வாக்களித்த தேர்தல் என்று அதைச் சொல்வது பொருந்தாது. ஆனால் பொறுப்பை அவர்கள் வரையறுத்த துல்லியம் வியக்க வைக்கிறது.

தகுதியற்றவர் பட்டியலில் முதலில் நிற்பவர் யார் தெரியுமா? வாரியம் செய்து ‘கணக்குக் காட்டாதே இருந்தார்’. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகாதவர்கள். இன்றைய கம்பெனிகள் சட்டத்தின் 164ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் கணக்கறிக்கையோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக நியமிக்கப்பட முடியாது. உறவினர்கள் மட்டும் தப்பித்துக்கொண்டார்கள்.

சொல்லின் பிறப்பைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. வாரி என்றால் வருவாய், விளைச்சல்; அதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. தேர்ந்தெடுத்தலைக் குறிக்கும் வடமொழி வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு. பொருளில் மட்டும் ஐயமில்லை: பெரிய சபை, தன் வேலையைப் பிரித்துக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்படைத்த சிறு குழு.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தப் பழைய வாரியம் தனி ஆளுமை கொண்ட அமைப்பல்ல. சபையின் ஓர் உறுப்பு. பங்குதாரர்கள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் கூட்டத்துக்குத்தான் அது நெருக்கம். வரலாற்றைப் பார்த்தால் கம்பெனி போர்டுக்கே ‘இயக்குநர் வாரியம்’ என்று கொடுத்திருக்க வேண்டும். ஆனால் வாரியம் என்றதும் இன்று வீட்டு வசதி வாரியமும் மின்வாரியமும்தான் மனதில் வருகின்றன. பழக்கம் கல்வெட்டை வென்றுவிட்டது. ஆகவே தமிழ்நாட்டு ஆவணமானால் என் தேர்வு இதுதான்: சட்டம் உண்டாக்கிய தனி அமைப்புக்கு வாரியம், கம்பெனிக்குள் இருப்பதற்கு இயக்குநர் குழு. ‘இயக்குனர்’ வேண்டாம், ஓட்டுநர், நடத்துநர் போல இயக்குநர்.

பெயரை மட்டும் நம்பவும் கூடாது. மின்சார வாரியம் 1957இல் வாரியமாகப் பிறந்தது. 2010இல் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. பகிர்மானக் கழகத்துக்கு இயக்குநர் குழு வந்துவிட்டது. தெருவில் இன்னும் ஈ.பி. ஆபீஸ்தான். பேச்சில் அது சரியே. வழக்கறிஞர் நோட்டீஸ் எழுதும்போது மட்டும் பதிவான பெயரைப் போட வேண்டும்.

அதே ஒப்பந்தத்தில் ‘டிரேட்’ மூன்று இடத்தில் வந்தது. மூன்றுக்கும் ஒரே தமிழ்ச்சொல் பொருந்தாது. அந்த ஆங்கிலச் சொல்லின் பழம்பொருள் தடம், போகும் பாதை. ஒருவர் வழக்கமாகப் போகும் வழி அவருடைய தொழிலாகி, பிறகு கொடுக்கல் வாங்கலாயிற்று. அதனால் டிரேட் மார்க் வணிகக் குறி. சரக்கை இன்னாருடையது என்று காட்டுவது. டிரேட் யூனியன் தொழிற்சங்கம். ‘வணிகர் சங்கம்’ என்று எழுதினால் கடைக்காரர்கள் சங்கமாகிவிடும். மாநகராட்சி தரும் டிரேட் லைசென்ஸ் தொழில் உரிமம்.

ஏழாம் பக்கத்து வரிக்கு முன்பின் பத்திகளைப் படித்துப் பார்த்தேன். ஒப்புதல் தர வேண்டியது அரசு அமைப்புதான். தொடக்கத்தின் வரையறைப் பகுதியில் ‘வாரியம்’ என்றால் யார், ‘இயக்குநர் குழு’ என்றால் எது என்று இரண்டு வரி சேர்க்க இரு தரப்பிடமும் ஒப்புதல் கேட்டேன். பிறகு இப்படி எழுதினேன்: ‘பணி முடிவை வாரியம் ஏற்று ஒப்புதல் அளித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் வாரியம் கம்பெனிக்குப் பணம் வழங்க வேண்டும்.’