மின்தடை: சொல்லும் கணக்கும்

மின்தடை என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நாளிதழ் அறிவிப்பு. பராமரிப்புப் பணி நடப்பதால் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை இன்னின்ன ஊர்களில் மின்தடை என்று போடுவார்கள். அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு இயற்பியல் பாடத்துக்கு வரும் பிள்ளை குழம்பத்தான் செய்யும். அறிவிப்பில் மின்தடை என்றால் கம்பியில் மின்சாரமே இல்லை. பாடத்திலோ மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த ஓட்டத்துக்குக் கம்பி எவ்வளவு இடைஞ்சல் தருகிறது என்பதுதான் மின்தடை. ஆங்கிலத்தில் ரெசிஸ்டன்ஸ் என்பது இதைத்தான்.

கொடு என்பதிலிருந்து கொடை, எடு என்பதிலிருந்து எடை, விடு என்பதிலிருந்து விடை. அந்த வரிசையில் தடு என்பதிலிருந்து வந்தது தடை. முன்னால் நிற்கும் மின், சங்கப் பாடல்களிலேயே மின்னலைக் குறித்த சொல். இரண்டுமே பழைய சொற்கள்தான், சேர்த்துப் பயன்படுத்தும் தேவைதான் புதிது. ரெசிஸ்டன்ஸ் லத்தீனிலிருந்து வந்தது, எதிர்த்து நிற்றல் என்று பொருள். ஜெர்மன் மொழியின் விடர்ஷ்டாண்ட் என்பதும் அதே பொருளில் அமைந்ததே. எதிர்த்து நிற்பவர் வழியை அடைத்துவிட்டார் என்று அர்த்தமில்லை. தமிழில் தடை என்று சொன்னால் நிறுத்திவிட்டது போன்ற தொனி சற்றுத் தூக்கலாக இருக்கிறது. எதிர்ப்பு என்று வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் மின் எதிர்ப்பு என்பதை மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகளில் ஓட்டத்துக்கு நேரும் மொத்த இடைஞ்சலான இம்பீடன்ஸுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதனால் பாடத்தில் மின்தடை அப்படியே இருக்கட்டும். கரண்ட் போவதற்கு மின்வெட்டு, மின் நிறுத்தம் என்று நல்ல சொற்கள் உண்டு. செய்தி எழுதுகிறவர்கள் அவற்றைப் பயன்படுத்தினால் இந்தக் குழப்பம் தீரும் என்பது என் கருத்து.

இந்தத் தடையை எண்ணாக்கியவர் கியோர்க் சைமன் ஓம். 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அன்றைய வோல்டா மின்கலங்கள் ஒரே சீராக வேலை செய்யாது, அளக்க அளக்க அளவு மாறும். அவர் அவற்றை விட்டுவிட்டு, செம்பையும் பிஸ்மத் என்னும் உலோகத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு முனைகளின் வெப்பநிலை வேறுபாடுதான் அங்கே மின்னழுத்தத்தை (வோல்டேஜை) உண்டாக்குகிறது. அந்த வேறுபாடு மாறாததால் அழுத்தமும் மாறவில்லை. அப்புறம் வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி, ஓட்டத்தின் அளவைக் காட்டும் காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தார். 1827இல் முடிவுகளை நூலாக்கினார். சொந்த நாட்டில் அதற்கு நல்ல வரவேற்பு இல்லை, அவர் வேலையையும் விட்டார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்ளி பதக்கம் தந்தது. 1881இல் பாரிஸில் கூடிய உலக மின்னியலாளர் மாநாடு தடையின் அலகாக அவர் பெயரையே ஏற்றது. கிரேக்க எழுத்தான ஒமேகாவை அதற்குக் குறியாக எழுதுகிறோம்.

அவர் கண்டதைச் சுருக்கினால், வெப்பநிலை மாறாத கம்பியில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வரும். அந்த எண்தான் மின்தடை. அதாவது 1 ஆம்பியர் ஓட எத்தனை வோல்ட் தேவை என்பதற்கான விடை. வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கினால் கிடைப்பது மின்திறன், அதன் அலகு வாட்.

வீட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அடியில் 230 வோல்ட், 1000 வாட் என்று போட்டிருக்கிறது. 1000ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4.35 ஆம்பியர். 230ஐ 4.35ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். சரி, மாலையில் வோல்டேஜ் குறைந்து 180க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். உள்ளே சூடேறும் நிக்ரோம் என்ற உலோகக் கலவைக் கம்பியின் தடை அவ்வளவாக மாறாது, ஆகவே ஓட்டம் 3.4 ஆம்பியராகிவிடும். 180ஐயும் 3.4ஐயும் பெருக்கினால் 612 வாட். அழுத்தம் குறைந்தது 22 சதவீதம்தான், திறன் குறைந்ததோ கிட்டத்தட்ட 39 சதவீதம். அழுத்தம் குறையும்போது ஓட்டமும் கூடவே குறைவதால் அடி இரண்டு முறை விழுகிறது. வேட்டியில் சுருக்கம் போகாததற்குக் காரணம் இதுதான்.

பழைய 60 வாட் குண்டு பல்பு அப்படியல்ல. எரியும்போது அதன் தடை சுமார் 880 ஓம். அணைத்து ஆறவிட்டு மல்டிமீட்டரில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. பல்பு கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், டங்ஸ்டன் இழை சூடேறச் சூடேற அதன் தடை பல மடங்கு ஏறுகிறது. சுவிட்சைப் போடும் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் ஓட்டம் பாய்ந்து வரும். பல்பு பெரும்பாலும் போட்டவுடனே பியூஸ் போவது அதனால்தான்.

மின்திறன் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பலர் மின்சக்தி என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பவர் என்பது திறன், எனர்ஜி என்பது ஆற்றல். இலங்கைப் பாடநூல்களில் பவர் வலு, எனர்ஜி சக்தி. அங்கே மின்தடையை வெறுமனே தடை என்றும், ரெசிஸ்டர் என்னும் உறுப்பைத் தடையி என்றும் சொல்வார்கள். தடையி அழகான சொல், நம் மின்தடையம், மின்தடையாக்கி இரண்டையும்விட நாவுக்கு எளிது. எந்த மரபைப் பின்பற்றினாலும் திறனையும் ஆற்றலையும் பிரித்தே எழுத வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் 1000 வாட் திறன். அதே திறனில் ஒரு மணி நேரம் தொடர்ந்து இழுத்தால் மின்கட்டண அட்டையில் ஏறும் ஒரு யூனிட் ஆற்றல்.

ஒரு எச்சரிக்கை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வாட் காணும் இந்த நேரடிக் கணக்கு இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், குண்டு பல்பு போன்றவற்றுக்கே பொருந்தும். மின்விசிறியிலும் மிக்ஸியிலும் மோட்டார் இருக்கிறது. அங்கே அப்படிப் பெருக்கி வரும் எண் வாட் ஆகாது, திறன் காரணி (பவர் ஃபாக்டர்) என்னும், ஒன்றுக்கு மிகாத எண்ணாலும் பெருக்க வேண்டும்.