கல்யாணத் தேதிக்காக ஞானஸ்நானம் வேண்டாம்

போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. பெண் இந்து, மாப்பிள்ளை கத்தோலிக்கர். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. "ஞானஸ்நானம் எடுக்கலன்னா கல்யாணமே செல்லாதாமே மேடம்?" என்று பெண்ணின் அம்மா கேட்டார். பெண் எதுவும் பேசவில்லை, கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கறிஞராகக் குடும்ப வழக்குகள் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

செல்லும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை 1976ஆம் ஆண்டுச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. இருவரும் ஒரே மதமாக இருக்கவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. முஸ்லிமை மணக்க மதம் மாறியாக வேண்டும் என்பது வேறு சட்டம். அதைப் பார்த்துவிட்டு எல்லா மதத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், மதத்தை மாற்றவேண்டுமே என்றும் பயப்படுகிறார்கள். அட்டையின் முகப்பில் 'இஸ்லாம்' என்பதைத் தவிர வேறெந்த மதமும் அச்சிடப்படுவதில்லை.

சரி, சர்ச் ஒத்துக்கொள்ளுமா? கத்தோலிக்கத் திருச்சபை ஒத்துக்கொள்கிறது. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடம் விதிவிலக்கு வாங்கவேண்டும். பங்குத்தந்தை மூலம் மனு போகும். தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பவர் கத்தோலிக்கர் மட்டும்தான். மற்றவருக்கு அதைத் தெரிவித்துவிடுவார்கள். தயவுசெய்து அந்த இடத்தைத் தாண்டி ஓடாதீர்கள். பிள்ளை விஷயத்தை அன்றைக்கே உட்கார்ந்து பேசாதவர்கள்தான் பிறகு என்னிடம் விவாகரத்துக்கு வருகிறார்கள். மற்ற சபைகளின் விதிகள் வேறுபடும். அந்தந்தப் போதகரிடமே கேளுங்கள்.

அப்புறம், இந்துவாகப் பிறந்தவர் கிறிஸ்தவராகவே முடியாது என்று எதிர்ப்பக்கம் பேசுபவர்களுக்கும் ஒன்று. ஞானஸ்நானம் பெறாத எந்த மனிதரும் அதைப் பெறலாம் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 864ஆம் விதி. சாதியோ குலமோ அதில் இல்லை. ஆனால் வளர்ந்தவர் தானே விரும்பிக் கேட்கவேண்டும்; யாரையும் வற்புறுத்தக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். பல மாதம் வகுப்பு, பெரும்பாலும் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம். அடுத்த மாதக் கல்யாணத்துக்குள் முடிக்கிற காரியமா இது?

மண்டபம் பிடிக்கும் முன்பே ஃபாதரைப் பாருங்கள். 18 வயது நிரம்பியவர் எந்த மதத்தில் இருப்பது என்பது அவர் முடிவு, பெற்றோர் மிரட்டவேண்டாம். மாமியாராகப் போகிறவர்களே, அந்தப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்து ஒரு தடவை கேளுங்கள். தயங்கினாள் என்றால் விதிவிலக்கு மனுவுக்குச் சொல்லிவிடுங்கள்.