வியர்க்காத பிள்ளைகளும் நம் ஊர் வெயிலும்

சித்திரை, வைகாசி மாதங்களில் சில குழந்தைகளை உடம்பு அனலாய்க் கொதிக்கத் தூக்கி வருவார்கள். சளி இல்லை, இருமல் இல்லை. "பாராசிட்டமால் குடுத்தும் இறங்கல டாக்டர்" என்பார் அம்மா. இறங்காது. இது காய்ச்சலே இல்லை. வியர்க்க வழியில்லாமல் உடம்பின் சூடு உள்ளேயே தங்கிவிட்டது.

லேமெல்லார் இக்தியோசிஸ் என்ற பரம்பரைத் தோல் நோய் உள்ள குழந்தைகள் இவர்கள். குளிர்காலத்தில் காலில் மட்டும் செதில் தெரியும் இலேசான வகை சுமார் 250 பேரில் ஒருவருக்கு உண்டு. இது வேறு, மிக அரிது. பிறக்கும்போதே உடலில் மெழுகுத்தாள் சுற்றியதுபோல ஒரு மெல்லிய படலம் இருக்கும். சில வாரங்களில் அது உரிந்து, உடல் முழுக்கத் தட்டுத்தட்டாகப் பழுப்புச் செதில் வரும். தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டும் ஒரு நொதிக்கான டிஜிஎம்1 மரபணுவில் உள்ள பிழையே பலருக்கும் காரணம். கிரகணமும் காரணமில்லை, கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்ட எதுவும் காரணமில்லை. இதை அப்பா வீட்டாரும் உடனிருக்கும்போதே சொல்லிவிடுவேன். அந்தப் பழியைச் சுமப்பது எப்போதும் அம்மாதான்.

தடித்த தோல் வியர்வைத் துளைகளை அடைத்துவிடும். ஆகவே பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளையை வெயிலில் நிற்க வைக்கக் கூடாது. பிரேயராக இருந்தாலும் பி.டி. பீரியடாக இருந்தாலும் சரி. மின்விசிறிக்கு அடியில் இடம், பையில் ஒரு ஸ்பிரே பாட்டில், சட்டையை நனைத்துக்கொள்ள அனுமதி, இவ்வளவு போதும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுவன் இடைவேளை மணி அடித்ததும் குழாயடிக்குப் போய் பனியனை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்வான். மூன்றாம் வகுப்பிலேயே அவனாகக் கற்றுக்கொண்டது. அவனைத் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். தொட்டால் ஒட்டும் என்ற பயம். இது ஒட்டவே ஒட்டாது. தனி பெஞ்சு கொடுத்த காயத்துக்கு என்னிடம் களிம்பு இல்லை.

வீட்டில் பெரிய வேலை குளியல்தான். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய துணியால் வட்டமாகத் தேய்த்தால் செதில் தானாக வரும். பிய்க்கக் கூடாது. துடைத்த ஈரம் காய்வதற்குள் வெள்ளை பாரஃபின் அல்லது கிளிசரின் கலந்த களிம்பு. தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். யூரியா களிம்பு வெடிப்பில் பட்டால் எரியும், அந்த இடத்தை விட்டுத் தடவுங்கள். சாலிசிலிக் அமிலக் களிம்பைச் சிறு குழந்தைக்குக் கடையில் கேட்டு வாங்கித் தடவவே கூடாது, இந்தத் தோல் வழியாக அது ரத்தத்தில் கலந்துவிடும். அப்புறம், பாரஃபின் ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும். அடுப்பும் குத்துவிளக்கும் எட்டவே இருக்கட்டும்.

தோலை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். காதுக்குள் செதில் அடைத்துக் கேட்காமல் போய், "சொன்னா கவனிக்க மாட்டேங்கிறான்" என்று திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு. கீழிமை வெளிப்புறம் மடங்கி, தூங்கும்போதும் கண் மூடாமல் காய்ந்துபோகும். காது மூக்கு தொண்டை மருத்துவரையும் கண் மருத்துவரையும் தவறாமல் பாருங்கள். வைட்டமின் டி அளவையும் பார்க்க வேண்டும்.

தீவிரமான சிலருக்கு அசிட்ரெடின் மாத்திரை தருவோம். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால், நிறுத்திய பின்னும் 3 ஆண்டுகள் பெண்கள் கருத்தரிக்கக் கூடாது.

தாய், தந்தை இருவரிடமும் பிழையுள்ள மரபணு இருந்தால்தான் குழந்தைக்கு இது வரும். அக்கா மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டும் வீடுகளில் அதற்கு வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் அந்தப் பிழை உள்ள பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இரண்டாவதற்கு வராது என்று கணக்குப் போட முடியாது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே முதல் குழந்தையின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து, அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். பிழை எது என்று அதில் தெரிந்தால்தான், அடுத்த கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்களுக்குள் நச்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும்.