சேல்ஸ் வேலைக்குத்தானே, பயோடேட்டா எதுக்கு?

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் பிள்ளைகள் தவறாமல் கேட்பது தலைப்பில் இருக்கும் கேள்விதான்.

கொண்டு போங்கள். ஆனால் ஒரே பக்கம் போதும்.

"ஆட்கள் தேவை" போர்டைப் பார்த்துவிட்டு நீங்கள் உள்ளே போகும் நேரத்தில் மேனேஜர் யாருக்கோ பட்டுப்புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார், முடிவு சொல்ல வேண்டிய முதலாளியோ சாயங்காலம்தான் கல்லாவுக்கு வருவார், அதனால் "போன் பண்றோம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நாலு நாள் கழித்து யாராவது சொல்லாமல் நின்றுவிட்டால் மேஜை டிராயரில் கிடக்கும் தாள்களைத்தான் எடுப்பார்கள். தாள் கொடுக்காதவருக்கு யார் போன் செய்வது?

அந்தத் தாளில் அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கவனித்திருக்கிறேன். மார்க்கைப் பார்ப்பதில்லை. விரல் நேராக ஊர்ப் பெயருக்குப் போகும். வலங்கைமானுக்கு உள்ளே ஒரு கிராமம் என்றால் உடனே பஸ் கணக்கு ஓடும்: கடை மூடவே ஒன்பதரை ஆகும், விரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கிவிட்டுக் கிளம்பினால் இந்தப் பொண்ணு எப்படி வீடு போகும்? "சொந்த வண்டி இருக்கிறது" என்றோ "இரவில் அண்ணன் வந்து அழைத்துப் போவார்" என்றோ ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் தாள் மேலே வந்துவிடும். எப்போதிலிருந்து வர முடியும், ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் வருவீர்களா என்பதையும் எழுதுங்கள்.

பிரவுசிங் சென்டரில் அடித்துத் தரும் ரெஸ்யூமில் "சவாலான பணிச்சூழலில் என் திறமையை வெளிப்படுத்த" என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு அதே பத்திதான். நேர்காணலில் அதற்கு அர்த்தம் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். ஸ்டேஷனரி கடையில் விற்கும் பயோடேட்டா படிவத்தைத் தமிழில் கையால் நிரப்பினாலே உள்ளூர்க் கடைக்குப் போதும். மதம், சாதிக் கட்டங்களைக் காலியாக விடலாம்.

"அனுபவம்: இல்லை" என்று எழுதியிருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை அவள்தான் எழுதி வருகிறாளாம். பில்லிங் கவுண்டருக்கு இதைவிட என்ன வேண்டும்? மாமா மளிகைக் கடையில் பொட்டலம் கட்டியது, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை எண்ணி எழுதியது எல்லாமே அனுபவம்தான். சம்பளம் வாங்காத வேலையை நம் பிள்ளைகள் வேலையாகவே நினைப்பதில்லை.

இன்ஜினீயரிங் படித்தவர்கள் டிகிரியை மறைக்கிறார்கள். வேண்டாம், எப்படியும் தெரிந்துவிடும். "தீபாவளி வரைக்கும்" என்றால் அப்படியே சொல்லுங்கள். சீசனுக்கு ஆள் தேடும் கடைக்கு அதுதான் வசதி.

தெரு முனை மளிகைக் கடைக்குத் தாள் தேவையில்லை, தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் கடைகளில் நிலைமை வேறு. ஆன்லைன் படிவத்தில் ரெஸ்யூம் கட்டாயம் என்றிருந்தால் அது இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. ரெஸ்யூமைக் கோணலாகப் போட்டோ எடுத்து ஏற்றாமல் பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள்.

ஆதார் எண்ணைத் தாளில் எழுதவே வேண்டாம். முந்தைய கடையில் பி.எஃப். பிடித்திருந்தால் யூஏஎன் என்ற பி.எஃப். உறுப்பினர் எண் இருக்கும், வேலை மாறினாலும் அதே எண்தான், ஆனால் அதையும் வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். யூனிஃபார்முக்கு முன்பணம் என்று போனில் ஜிபே கேட்டால் பேச்சை வளர்க்காமல் கட் செய்யுங்கள்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போவதாக இருந்தால் பத்துப் பிரதியாவது முதல் நாளே எடுத்து வையுங்கள். அன்றைக்குக் காலையில் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நிற்கவே இடமிருக்காது.